ஏறி மட்டும் பார்த்த மலை

மேனாம்பேட்டு ஹேமாவதியைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய பயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து மறுபடி பார்ப்பாள். மகள் ஸ்வாதி காலேஜிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தே ஓய்ந்துபோவாள். ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்கார்ந்தால் விழுந்துவிடுவோம், நடுவில் உட்கார்ந்தால் கவிழும்போது நசுங்கிவிடுவோம் என்று பயந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கிக்கொண்டாள். அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. சைக்கிளுக்கு அவள் வந்தது ஏதோ வீரத்தால் என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தப் பயத்தால்தான்.

வேலையும் அவள் குணத்துக்கு ஏற்ற மாதிரியே அமைந்தது. வண்டிகளுக்கான சின்னச் சின்ன உருக்குச் சாமான்கள் செய்கிற கம்பெனி. அதில் செக்கிங் பிரிவு. ஒவ்வொரு உருக்குப் பின்னையும் கேஜ் என்கிற அளவுக் கருவியில் விட்டுப் பார்த்து, சரியானதை ஒரு டிரேயிலும் கோளாறானதை இன்னொரு டிரேயிலும் போட வேண்டும். மற்றவர்கள் பத்துக்கு ஒன்றை எடுத்துப் பார்க்கிற இடத்தில் ஹேமாவதி பத்தையும் பார்ப்பாள். அதுவும் ஒரு பக்கம் விட்டுப் பார்த்தால் போதாது, தலைகீழாகத் திருப்பி இன்னொரு தரமும் விட்டுப் பார்ப்பாள். சூப்பர்வைசர் அதற்காகத் திட்டாத நாள் இல்லை. ஆனால் முக்கியமான ஆர்டர் வந்தால் அந்த மனுஷனே டிரேயைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்குத்தான் வருவார். இப்படியே இருபத்தோரு வருஷம் ஓடிவிட்டது.

ஸ்ரீநாத் என்கிற ஐ.டி. பையன்தான் அவளை ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கோஷ்டியில் சேர்த்துவிட்டான். அவன் குடியிருக்கும் ஃப்ளாட் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் ஹேமாவதியின் அப்பா கத்தரி போட்டிருந்தார். "எங்க கத்திரித் தோட்டத்துல மூணாவது மாடியில கீறாரு" என்றுதான் அவனை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வாள். அவர்கள் எல்லாரும் இறகு மாதிரி எடையுள்ள சைக்கிளில் பூண்டி ஏரி வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். ஒரு ஞாயிறு இவளும் தன் லேடீஸ் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். திரும்பி வந்ததும் ஒரு நோட்டை நீட்டினாள். வழியில் எத்தனை பள்ளம், எந்த மேம்பாலத்தின் இணைப்பில் டயர் சிக்கும், எந்த வளைவில் மணல் லாரி மண்ணைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது, எந்த ஊரில் எத்தனை நாய், அதில் எது குரைக்கும், எது நிஜமாகவே துரத்தும் என்று வரிசையாக எழுதியிருந்தாள். ஸ்ரீநாத் அதைக் கோஷ்டி முழுவதுக்கும் வாசித்துக் காட்டினான்.

அன்றிலிருந்து கோஷ்டிக்கு ரூட் போடுவது அவள்தான். போனில் வரைபடத்தை விரித்து, விரலால் கோடு இழுத்து, இத்தனையாவது கிலோமீட்டரில் இன்னது என்று குறிப்பு எழுதி அனுப்பிவிடுவாள். ஓட்டுகிறவர்களின் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் சின்னத் திரையில் அது அப்படியே ஓடும். ஒரு கட்டுப்பாடும் கொண்டுவந்தாள். ரூட் போட்டவர் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அதில் சக்கரத்தை வைக்கலாம். ஆறு வருஷத்தில் அவள் போட்ட ரூட்டில் யாருக்கும் முழங்கால் சிராய்த்ததுகூட இல்லை. "ஹேமாக்கா ரூட்டா? கண்ண மூடினு போலாம்" என்று கோஷ்டியில் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருக்கும். கூடவே ஒரு பயமும் வரும்.

ஸ்வாதி மூன்று வருஷமாக ஒற்றைக்காலில் நின்றாள். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அம்மாவிடம் இல்லாத தைரியம் முழுவதும் அவளிடம் சேர்ந்திருந்தது. கோஷ்டியோடு சைக்கிளில் மலைக்குப் போக வேண்டும், காட்டுக்குள் போகிற ரோட்டில் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. "நீயே ரூட் போடு, நீயே ஓட்டிப் பாரு, அப்புறமாவது அனுப்புவியா மாட்டியா?" என்று ஒரு நாள் மடக்கிவிட்டாள். ஹேமாவதியால் மறுக்க முடியவில்லை. இரண்டு மாதம் யோசித்து யோசித்து ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தாள். கிழக்கே ஒரு ரோடு ஏறுகிறது, செங்குத்தாக, பதினாலு கொண்டை ஊசி வளைவுகளோடு. மேற்கே ஒரு ரோடு இறங்குகிறது, நீளமாக, மெதுவாக. இரண்டையும் சேர்த்தால் ஒரு வட்டம்.

ஜனவரிக் கடைசியில் போய் ஓட்டிப் பார்த்தாள். கணவர் ராஜசேகரன், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், பின்னாலேயே பைக்கில் வந்தார். வண்டியில் முதலுதவிப் பெட்டி, குரங்கை விரட்ட ஒரு குச்சி, எதற்கென்றே தெரியாமல் ஒரு கயிறு. எல்லாம் ஹேமாவதியின் ஏற்பாடு. கிழக்குப் பக்கம் நடக்கிற வேகத்தில் ஏறினாள். கீழிருந்து ஒன்பதாவது வளைவில் பாறையிலிருந்து ஊற்று கசிந்து ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மரம், வெயிலே விழவில்லை. இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு, கல்லில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் எதற்கும் பயப்படாமல் அவள் உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடம் அதுவாகத்தான் இருக்கும். குறிப்பில் சந்தோஷமாக எழுதினாள்: "ஒன்பதாவது வளைவு. ஊற்றுத் தண்ணீர் ரோட்டு மேலேயே ஓடும். ஜில்லென்று இருக்கும். முகம் கழுவிக்கொள்ளலாம்."

உச்சியில் அன்னம்மாள் என்பவரின் கடையில் டீ. மேற்குப் பக்கம் இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விடவே இல்லை. "எறங்கித் தள்ளினு போனாகூட சீக்கிரம் போய்டலாம்டி" என்று ராஜசேகரன் கத்திக்கொண்டே வந்தார்.

சவாரிக்கு நாள் குறித்தார்கள். பார்த்தால் அதே ஞாயிறு, திருநின்றவூரில் ராஜசேகரனின் தங்கை தாட்சாயிணியின் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், சீர்த் தட்டை மாமன் பெண்டாட்டிதான் எடுத்து வர வேண்டும். மலையா நாத்தனாரா என்றால் ஹேமாவதி என்ன செய்வாள்? "ரூட்தான் நீ பாத்துட்டியேம்மா" என்றாள் ஸ்வாதி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கோஷ்டியில் ரோஷினி என்று ஒரு பெண். தென்காசிப் பக்கத்துக்காரி. மேனாம்பேட்டில் ஹாஸ்டல் மாதிரி ஒரு வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறாள், சைக்கிள் பழகி எட்டு மாதம்தான் ஆகிறது. அவளுடைய அம்மா ஒரு நாள் ஹேமாவதியிடமே போனில் பேசி, "நீ கூடப் போறன்னா எனக்குப் பயமில்லம்மா" என்று சொல்லியிருந்தார். தான் போகவில்லை என்பதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஹேமாவதி தினமும் நினைத்தாள். சொன்னால் ரோஷினியை அனுப்ப மாட்டார்கள், அந்தப் பெண் முகம் வாடிவிடும் என்று தள்ளிப்போட்டாள். கடைசி வரை சொல்லவே இல்லை.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில் ஸ்ரீநாத் கூப்பிட்டான்.

"அக்கா, கிழக்குப் பக்கமா ஏறினா ஏழு மணிக்கே வெயில் முதுகுல அடிக்கும். மேற்குப் பக்கமா ஏறினா காலைல பூரா நிழல். ஏத்தமும் மெதுவாத்தான் இருக்கும், ஸ்வாதிக்கும் ரோஷினிக்கும் கஷ்டம் இருக்காது. அப்படியே திருப்பிப் போட்டுடலாமா?"

ஸ்வாதிக்குக் கஷ்டம் இருக்காது என்றதும் அவள் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதே ரோடுதானே, அதே வளைவுகள்தானே என்று நினைத்தாள். வலது கையில் தயிர்சாதம். இடது கைக் கட்டைவிரலால் போனில் 'ரிவர்ஸ்' என்று இருந்ததை அழுத்தினாள். அம்புக்குறிகள் எல்லாம் ஒரு நொடியில் திரும்பின. இடது வலதானது, வலது இடதானது, கிலோமீட்டர்கள் புதிதாகக் கணக்காகி வந்தன. குறிப்புகள் மட்டும் அவள் எழுதியபடியே இருந்தன. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு மேஜைக்குப் போய், பின்களைத் திருப்பித் திருப்பிக் கேஜில் விட்டுப் பார்க்கத் தொடங்கினாள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. சுண்டுவிரல் பருமன் இரும்பைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவளுக்கு ஒரு மலையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே!

சனிக்கிழமை மதியம் பதினாலு பேரும் வாடகை வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பன்னிரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் திருநின்றவூர் மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஹேமாவதி பட்டுப் புடவையும் கையில் போனுமாக மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு மட்டும்தான் அங்கே இருந்தது. ஆறேகாலுக்குக் கிளம்பிவிட்டோம் என்று ஸ்வாதி அனுப்பியதோடு சரி, காட்டுக்குள் போனபின் யாருக்கும் சிக்னல் இல்லை. அவர்கள் இப்போது எங்கே இருப்பார்கள் என்று குறிப்புகளைத் தள்ளித் தள்ளி மனசாலேயே கூடப் போய்க்கொண்டிருந்தாள். மேற்கு ஏற்றம் முடிந்திருக்கும். அன்னம்மாள் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். இனி இறக்கம். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. மேலிருந்து பார்த்தால் அந்த வளைவுகள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

ஒன்றுமே தெரியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாள், அப்போதும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் கீழிருந்து ஏறும்போது குனிந்த தலைக்கு நேரே இருந்த நாலடித் தார் மட்டும்தான். அந்தப் பக்கம் அவள் ஒரு தரம்கூட இறங்கியதில்லை.

அப்போதுதான் அந்த வரி திரையில் வந்து நின்றது. ஊற்றுத் தண்ணீர் ரோட்டு மேலேயே ஓடும். முகம் கழுவிக்கொள்ளலாம்.

வருஷம் முழுக்க வெயில் படாத இடம். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ரோடு. தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கும்? பாசிதான் இருக்கும். ஏறி வருகிறவன் இறங்கி முகம் கழுவலாம். நாற்பது, நாற்பத்தைந்து வேகத்தில் ஊசி மாதிரி டயரோடு மேலிருந்து வருகிறவனுக்கு அது எமன். வளைவின் வெளிப்பக்கம் தடுப்புச்சுவர் இருந்ததா என்று யோசித்தாள். அதுவும் நினைவில்லை. எதை எதையோ எழுதிவைத்தவள் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டாளே!

ஸ்ரீநாத்துக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஸ்வாதிக்குப் போட்டாள். ரோஷினிக்குப் போட்டாள். குழுவிலிருந்த அத்தனை பேருக்கும் போட்டாள். எல்லாருக்கும் ஒரே குரல் ஒரே பதிலைச் சொன்னது.

"அண்ணி, இன்னா போனையே நோண்டினு கீறீங்க? தட்ட எடுத்தாங்க, நல்ல நேரம் போய்னு கீது" என்றாள் தாட்சாயிணி.

"தோ வந்துட்டேன்மா" என்று எழுந்தாள். எழுந்தவள் தட்டுப் பக்கம் போகவில்லை, மண்டபத்துக்கு வெளியே செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மலை மேல் டவர் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், டீக்கடைப் பக்கம், அதுவும் ஸ்வாதி வைத்திருக்கும் சிம்முக்கு எடுக்காது. அன்றைக்கு அங்கே டீக்குப் போனிலிருந்து பணம் அனுப்பியது ஞாபகம் வந்தது. தேடினாள். அன்னம்மாள் என்ற பெயர், அதன் கீழே அவர் கணக்கு, கணக்கின் தலையில் பத்து இலக்கம். சாமி, அது போன் நம்பர்!

மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது தரம் எடுத்தார்கள்.

"ஆரு பேசறது?"

"அம்மா, நான் மெட்ராஸ்லருந்து ஹேமாவதி. போன மாசம் சைக்கிள்ல வந்து உங்க கடையில டீ குடிச்சேனே..."

"குச்சி வெச்சிக்கிட்டு ஒருத்தரு பின்னாலயே வந்தாரே, அந்தம்மாவா?"

"ஆமாம்மா, அதே அம்மாதான். உங்க கடைக்கு மஞ்சச் சட்டை போட்ட சைக்கிள்காரங்க வந்தாங்களா? அவங்கள எறங்க வாணாம்னு சொல்லுங்க. காலப் புடிச்சிக் கேக்கறேன், நிறுத்துங்க!"

"அய்ய, அவங்க இப்பத்தான் கெளம்புனாங்க. அஞ்சு நிமிசம் இருக்கும். ஒரே ஒரு பொண்ணு மட்டும் நிக்குது. சைக்கிள்ல காத்து எறங்கிப்போச்சாம், அடிச்சிக்கிட்டிருக்குது."

"எந்தப் பொண்ணு?"

"அது தெரியலியே. ரெண்டு பொண்ணு வந்தாங்க. ஒண்ணு இப்பத்தான் தனியாப் போச்சு. ஒண்ணு இங்க இருக்குது."

எல்லாருக்கும் ஒரே மஞ்சள் சட்டை, ஒரே மாதிரி ஹெல்மெட். அன்னம்மாளுக்கு எப்படித் தெரியும்? "போன அவகிட்ட குடுங்கம்மா" என்றாள் ஹேமாவதி. கடைக்காரம்மா நடந்து போகிற சத்தம் கேட்டது. ஒரு கோழி கத்தியது. அந்தப் பத்து நொடியில் ஹேமாவதி தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டு என்ன வேண்டிக்கொண்டாள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிற்கிறவள் என் பெண்ணாக இருக்கட்டும், போனவள் ரோஷினியாக இருக்கட்டும் என்று வேண்டினாள். பெயரைச் சொல்லியே வேண்டினாள்.

"ஹலோ? மா? நீயா? உனுக்கு எப்டிமா இந்த நம்பர் கெடச்சுது?"

உயிர் போய் உயிர் வந்தது. ஹேமாவதி செருப்புகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிரிப்பும் வந்தது.

"ஸ்வாதி, அங்கயே இரு. ஒரு அடி நகராத. கீழ தண்ணி ஓடற வளைவுல பாசி இருக்கும், வழுக்கும். நான் பாக்காம வுட்டுட்டேன்."

ஸ்வாதி காற்றடிக்கிற பம்பைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

"மா... ரோஷினிக்கா போய்ட்டாங்கமா. பயமா இருக்கு, நீயும் கூட வான்னு நின்னாங்க. நான்தான் போகச் சொன்னேன். எங்கம்மா ரூட்டுக்கா, கண்ண மூடினு போங்கன்னு சொன்னேன்."

அந்த ஒரு வார்த்தையில் இத்தனை வருஷத்துப் பெருமையும் மண்ணாகிவிட்டது. அன்னம்மாள் போனை வாங்கி, தன் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறார் என்றும், காட்டு ரோட்டில் எவ்வளவு வேகம் போக முடியும் என்று தெரியவில்லை என்றும் சொன்னார். போன் வைக்கப்பட்டது. மணி ஒன்பது இருபத்தெட்டு.

அதற்குப் பிறகு நடந்த காது குத்தில் ஹேமாவதி எல்லாவற்றையும் செய்தாள். சீர்த் தட்டை எடுத்து வந்தாள், குழந்தைக்குப் புது கவுன் போட்டாள், குங்குமம் வைத்தாள். ராஜசேகரன் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை மண்டபமே அதிரும்படி வீறிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹேமாவதிக்கு மட்டும் அந்த அழுகை நெஞ்சில் போய்க் குத்தியது.

"இன்னாடி, மூஞ்சி வெளுத்துப்போய் கீது?" என்றார் ராஜசேகரன் மெதுவாக.

"ஒண்ணுமில்ல. மொதல்ல நீ கொழந்தையப் புடி."

"ஸ்வாதிக்கு ஏதாச்சுமா?"

"ஸ்வாதி நல்லாக் கீறா" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே அவள் மேல் அருவருப்பாக இருந்தது.

பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். ஒன்றும் தகவல் இல்லையென்றால் நல்லபடியாகத்தான் இறங்கியிருப்பார்கள் என்று ஒரு மனசு சொன்னது. நல்லபடியாக இறங்கியிருந்தால் கீழே சிக்னல் வந்ததும் ஸ்ரீநாத் கூப்பிட்டிருப்பானே என்று இன்னொரு மனசு கேட்டது. சுவர் இருந்ததா இல்லையா என்று மட்டும் திரும்பத் திரும்ப யோசித்தாள். பத்து முப்பத்தைந்துக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஹேமாவதிங்களா? நாங்க மலைக்குக் கீழ ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம், நர்ஸ். சைக்கிள்ல வந்து விழுந்த ஒரு பொண்ணக் கூட்டினு வந்திருக்காங்க. பயப்படாதீங்க, தலையில அடியில்ல, நெனவு இருக்கு, பேசுது. மணிக்கட்டும் தோள்பட்டைக் காறை எலும்பும் ஒடஞ்சிருக்கு. கன்னத்துல தையல் போடணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போறோம், வீட்டாள் யாராச்சும் வரணும்."

"எனக்கு எப்படி...?"

"ஹெல்மெட்டுக்குள்ள ஒரு அட்டை ஒட்டியிருக்கு. ரோஷினின்னு பேரு. அவசரத்துக்குக் கூப்பிடறதுக்கு உங்க நம்பர்தான் போட்டிருக்கு. உறவுன்ற எடத்துல அக்கான்னு எழுதியிருக்கு. நீங்க கூடப் பொறந்தவங்களா?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஹேமாவதி எந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி அவள் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாளோ, அந்தப் பெண் தனக்கு ஏதாவது ஆனால் இவளைத்தான் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறாள்.

"ஹலோ? கேக்குதுங்களா?"

"கேக்குது. நான்தான். வர்றேன். அவகிட்ட ஒரு நிமிசம் குடுங்க."

ரோஷினியின் குரல் வீங்கிய வாயிலிருந்து வருகிற குரலாக இருந்தது. "அக்கா, சாரிக்கா. ஸ்ரீநாத்தண்ணா முன்னாடியே வழுக்கித் தப்பிச்சு, அங்கயே நின்னு கையக் காட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான் கையப் பாத்ததும் பதறி, தண்ணிக்குள்ள வந்து பிரேக்கப் புடிச்சிட்டேன். என் தப்புதாங்க்கா. எல்லாரும் ஒழுங்காத்தான் இறங்குனாங்க. இனிமே மலைக்கே போக வேண்டாம்னு ஆக்கிட்டேன்லா."

"ரோஷினி, நான் சொல்றதக் கேளு. உன் தப்பு ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் நான் எறங்கிப் பாக்கவே இல்ல. ஏறி மட்டும்தான் பாத்தேன். ஒரு பட்டன அமுக்கித் திருப்பி அனுப்பிச்சிட்டேன். என் தப்புடி இது."

ரோஷினியின் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாளா, கோபப்படுகிறாளா, வலியா என்று ஹேமாவதிக்குத் தெரியவில்லை.

"அம்மாட்ட நீங்களே சொல்லிருவீங்களாக்கா?" என்றாள் கடைசியில். "நான் பேசுனா அழுதுருவாங்க."

ராஜசேகரனிடம் சொன்னதும் அவர் தன் ஸ்கூல் வேனை எடுக்கப் போனார். சொந்தக்காரர்களில் தாட்சாயிணியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். சாப்பிடாமல் போகிறீர்களே என்று சண்டைக்கு வருவாள் என்று நினைத்ததற்கு மாறாக, அவள் இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்து, "போய்ட்டு வாங்க அண்ணி" என்றாள். மண்டபத்து வாசலில் நின்று ஹேமாவதி தென்காசி நம்பரைத் தேடினாள். குழுவில் இருப்பவர்களுக்கு எழுதிவிடலாம், சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிடலாம், ஸ்வாதியைக் கீழே கூட்டி வர ஆள் ஏற்பாடு செய்யலாம் என்று வேறு வேலைகளாகத் தோன்றிக்கொண்டே இருந்தன. இந்த ஒரு வேலையை மட்டும் செய்ய விரல் வரவில்லை. இரண்டு தரம் நம்பரைத் தொட்டுவிட்டு எடுத்துவிட்டாள். மூன்றாவது தரம் அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஹேமாவா? மலையெல்லாம் ஏறி இறங்கியாச்சா? நான் காலைலருந்து போனக் கையிலயே வச்சுக்கிட்டு இருக்கேன். ரோஷினி எப்படி ஓட்டுதா? நீ பக்கத்துலதான இருக்க?"

"இல்லம்மா" என்றாள் ஹேமாவதி. "நான் பக்கத்துல இல்ல. நான் போகவே இல்ல. உங்ககிட்ட சொல்லாம வுட்டுட்டேன். ரோஷினி விழுந்துட்டா. நான் போட்ட ரூட்டுலதான் விழுந்தா. அந்த எறக்கத்த நான் ஓட்டிப் பாக்கலம்மா, பாத்த மாதிரி அனுப்பிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படுகிற சத்தம் வந்தது.

"எம் பிள்ள பேசுதாளா?"

"பேசறா. இப்பத்தான் எங்கிட்ட பேசினா. கையும் காறை எலும்பும் ஒடஞ்சிருக்கு, கன்னத்துல தையல் போடறாங்க. உயிருக்கு ஒண்ணுமில்லம்மா."

"கண்ணு தெரியுதா? தலையில அடியில்லையே?"

"இல்லம்மா. தலையில அடியில்ல."

ஹேமாவதி திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. சாபம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தாள். வேன் வந்து நின்றது, ராஜசேகரன் கதவைத் திறந்துவிட்டார்.

"நான் இங்கருந்து பஸ் ஏறி வந்து சேர ராத்திரி ஆயிரும்" என்றார் ரோஷினியின் அம்மா. குரல் உடைந்திருந்தது, ஆனால் அழவில்லை. "நீ இப்பப் போறியா?"

"கெளம்பிட்டேன்மா. வண்டியில ஏறறேன்."

"போ. போயி அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு எனக்குப் போன் போடு. அதுக்குப் பிறகு உன்னத் திட்டுதேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஹேமாவதி வேனில் ஏறிக்கொண்டாள்.